ஏற்காட்டு உருண்டைக் கல்லும் நோவா காலத்து வெள்ளமும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். நண்பர்களோடு ஏற்காடு போயிருக்கிறீர்கள். மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய சரிவில், செம்மண்ணுக்குள் பானை பானையாக உருண்டைக் கற்கள் பதிந்திருந்தன. கூட வந்த ஒருவர், “இதெல்லாம் நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் உருண்டு வந்த கல். கீழே சேலத்தில் இருக்கிற சுண்ணாம்புக் கரடும் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான்” என்று சொல்லியிருக்கிறார். மச்சாவதாரக் கதையிலும் பிரளயம் வருகிறது, குர்ஆனிலும் நூஹ் நபியின் கப்பல் வருகிறது, இத்தனை பேர் சொன்னால் அது நடந்திருக்கத்தானே வேண்டும், ஜியாலஜி இதை ஒப்புக்கொள்கிறதா என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. மனிதர்கள் கண்டு நடுங்கும்படியான மாபெரும் வெள்ளங்கள் வந்ததுண்டா? உண்டு, பலமுறை. ஒரே சமயத்தில் உலகத்தின் எல்லா மலைகளையும் மூடிய ஒரே வெள்ளம் வந்ததா? பாறைகளில் அதற்குச் சாட்சி இல்லை. “சாட்சி போதவில்லை” என்று இழுத்துச் சொல்லவேண்டிய நிலைகூட இல்லை; இருக்கிற சாட்சி எல்லாம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. நான் வெள்ளக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நிலவியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடினப்பாறைதான் என் பிழைப்பு. ஆகவே கையில் தொட்டுப் பார்த்ததை முதலில் சொல்கிறேன், படித்துத் தெரிந்துகொண்டதை அப்புறம்.

உருண்டைக் கல்லில் தொடங்கலாம். அடுத்த முறை ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஓரங்கட்ட வசதியான ஓர் இடம் பார்த்து இறங்கி, அந்தக் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். கல்லைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி ஓடு ஓடாக இருக்கும். வெளி ஓடு மஞ்சளும் துருவும் கலந்த நிறத்தில், விரல் பட்டாலே உதிரும். அடுத்தது கொஞ்சம் கெட்டி. நடுவில் இருப்பது நீலம் ஓடிய கருங்கல். சுத்தியால் தட்டினால் ‘ணங்’ என்று சத்தம் கேட்கும். தேடினால் இன்னொன்றும் கிடைக்கும். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு ஒன்று வெள்ளைக் கோடாக ஓர் உருண்டைக்குள் ஓடி, வெளியே வந்து, இடையில் இருக்கும் மக்கிய மண்ணையும் தாண்டி, அடுத்த உருண்டைக்குள் நுழையும். எங்கிருந்தோ உருண்டு வந்த இரண்டு கற்களுக்கு நடுவே அந்தக் கோடு அறுபடாமல் தொடர்ந்திருக்க முடியுமா? கல் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கி, முனைகளை மூன்று பக்கத்திலிருந்தும் விளிம்புகளை இரண்டு பக்கத்திலிருந்தும் அரித்ததில் சதுரக்கல் உருண்டையாகிவிட்டது. ஆறு உருட்டிய கல் வேறு மாதிரி இருக்கும். காவிரிக் கரையில் கூழாங்கல் குவியலைப் பாருங்கள்: கருங்கல், வெங்கச்சங்கல், சிவப்புக்கல் என்று பல ஊர்க் கற்கள் கலந்து கிடக்கும், ஒவ்வொன்றும் வெளிப்புறம் வழவழவென்று கெட்டியாக இருக்கும், ஓடு உரியாது.

சுண்ணாம்புக் கரடு விஷயத்தில் உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிற பெயர். வெள்ளைக்காரர்கள் அந்த வெளுப்பைப் பார்த்துச் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதி வைத்தார்கள், நம் ஊர்க்காரர்கள் சுண்ணாம்பு என்றார்கள். உண்மையான சாக் என்பது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து உண்டாவது. அது இருந்தால் கடல் இருந்தது என்று அர்த்தம், சரிதான். ஆனால் இங்கே இருப்பது வெள்ளக்கல், அதாவது மேக்னசைட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த டூனைட் என்ற பச்சை கலந்த கரும்பாறை உடைந்து விரிசல் விட்டு, அந்த விரிசல்களில் கரியமிலவாயு கலந்த நீர் புகுந்து, பாறையிலிருந்த மக்னீசியத்தோடு சேர்ந்து உறைந்ததுதான் அது. சுரங்க முகப்பில் நின்று பார்த்தால் கரும்பாறையில் வலை பின்னினாற்போல் வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கடலடியில் படிந்தது பாய் விரித்தாற்போல் அடுக்கடுக்காக அல்லவா இருக்க வேண்டும்? முப்பது வருடத்தில் அந்தக் கல்லில் ஒரு சிப்பி, ஒரு நத்தை ஓடு பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன எவரும் கொண்டுவந்து காட்டியதும் இல்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு முழுக்கச் சார்னோகைட். கட்டடத்துக்கும் சாமி சிலைக்கும் நாம் கருங்கல் என்று சொல்லும் வகையில் ஒன்று. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் என்னவோ சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதற்குள் இருக்கும் கனிமங்கள் எந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் உண்டாகும் என்று சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆழம் வருகிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. சிர்க்கான் என்ற மணல் அளவு துகளுக்குள் சிக்கிய யுரேனியம் ஈயமாக மாறுவதை வைத்து அதைச் சொல்கிறார்கள். ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒரு வகை யுரேனியம் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, இன்னொன்றுக்கு 70 கோடி ஆண்டு. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால்தான் அந்த வயதை நம்புவோம். அவ்வளவு ஆழத்தில் வெந்த பாறை இன்று 1,600 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது என்றால், மேலே இருந்ததெல்லாம் அரிந்து போயிருக்கிறது. அந்த வேலையை ஒரு வருட வெள்ளத்தின் தலையில் கட்ட முடியாது.

உச்சியில், சேர்வராயன் கோயில் இருக்கும் அந்தச் சமதளத்தில், காலுக்குக் கீழே இருப்பது பாக்சைட். இதுவும் மழை செய்த வேலைதான். நிலம் வெளியில் கிடந்து, மேலே பெய்யும் மழை உள்ளே இறங்கி வடிந்து வடிந்து, பாறையில் இருந்த மணற்சத்தையெல்லாம் கழுவி எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சும் அலுமினியக் கசடு அது. நீர் தேங்கினால் பாக்சைட் உண்டாகாது, வடிய வேண்டும். “ஒரே ஒரு வருடம் முழுகி எழுந்தால் பாக்சைட் கரைந்தா போகும்?” என்று என்னை ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி. கரையாது. ஆனால் உலகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கான படிவுப் பாறைகளையெல்லாம் அந்த ஒரு வருட வெள்ளம்தான் போட்டது என்பது உலக வெள்ளத்தை நம்புகிறவர்கள் வாதம். அத்தனை சேற்றைச் சுமந்த தண்ணீர் எங்கள் மலையைத் தாண்டிப் போனபோது ஒரு கைப்பிடிக் கடல்மண்ணைக்கூட வைத்துவிட்டுப் போகவில்லையா?

கடல் படிவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நாள் பேருந்து ஏறி அரியலூர், பெரம்பலூர் பக்கம் போய் வாருங்கள். அங்கே கடல் வந்தது. அதில் எந்த நிலவியலாளருக்கும் சந்தேகமில்லை. காரை கிராமத்துக்குப் பக்கத்தில் செடி முளைக்காத களிமண் மேடுகளில் நடந்தால் துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டுகளும், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட்டுகளும் அகப்படும்; இரண்டுமே அழிந்துபோன கடலுயிர்களின் கல்லான மிச்சங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று ஒரு படம் செல்போன் செல்போனாகப் பறந்ததே, அதுகூட அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டைதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது.

“பார்த்தீர்களா, கடல் வந்திருக்கிறதே, மரத்தையும் அடித்து வந்திருக்கிறதே” என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். அங்கேதான் அடுக்கைப் படிக்க வேண்டும். தெரணிக் களிமண்ணில் தரைச்செடிகளின் இலை அச்சுகள் இருக்கின்றன; அது கடல் வருவதற்கு முந்தைய நிலம். கல்லக்குடிப் பக்கம் பவளப்பாறைச் சுண்ணாம்பு. பவளம் தெளிந்த, ஆழமில்லாத, வெயில் புகும் தண்ணீரில் மெல்ல மெல்ல வளர்வது. சேற்று வெள்ளத்தில் செத்துப்போகும். மேலே வேறு அடுக்குகளில் புழுவும் நண்டும் வளை தோண்டி வாழ்ந்த தடங்கள். தோண்டி, குடியிருந்து, மண் மூடி, அதன் மேல் இன்னொரு தலைமுறை தோண்டியிருக்கிறது. கடல் ஏறியிருக்கிறது, பின்வாங்கியிருக்கிறது, மறுபடி ஏறியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6 கோடிச் சொச்சம் ஆண்டு வரை நீளும் கதை. இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபின், தாழ்ந்த விளிம்பில் கடல் ஏறியது. அந்தக் கடல் சேலம் வரை வந்ததற்குத் தடயம் இல்லை. வந்து, படிந்து, பிறகு அரிந்து போயிருக்கலாமே என்றால், அந்த வாசலை நான் முழுதாக அடைக்க மாட்டேன். ஆனால் தடயம் அழிந்திருக்கலாம் என்பதையே தடயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இமயமலைக் கதையும் இதுதான். எவரெஸ்ட் உச்சிச் சுண்ணாம்புக்கல்லில் 40 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கடலுயிர்களின் துண்டுகள் இருப்பது உண்மை. நம் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமே கண்டகி ஆற்றில் உருண்டு வரும் அம்மோனைட் கல்தானே. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறவில்லை, கடலடி ஏறியது. இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவை முட்டத் தொடங்கி இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது, மலையும் ஏறிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்க் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமியின் மேற்பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். எவரெஸ்ட் முழுக 8.8 கிலோமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும். பெருக்கிப் பாருங்கள், இன்றைய கடல்கள் அனைத்தையும் போல மூன்று மடங்குக்கு மேல் புதுத் தண்ணீர் தேவைப்படும். காற்றில் இருக்கும் ஈரம் அத்தனையும் கொட்டினால் உலகம் முழுக்கச் சராசரியாக ஓர் அங்குல மழை. துருவப் பனி எல்லாம் உருகினால் கடல் எழுபது மீட்டர் வரை உயரும். சேலம் நகரம் இருப்பது 280 மீட்டர் உயரத்தில். நம் ஊர் பஸ் ஸ்டாண்டே நனையாது. “அப்போது மலைகள் தாழ்வாக இருந்தன, பிறகுதான் உயர்ந்தன” என்று இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். கண்டங்கள் ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து மலைகள் எழும்பினால், அதில் பிறக்கும் வெப்பத்தில் கடலே கொதித்து ஆவியாகிவிடும். பேழையில் இருந்தவர்கள் வெந்துபோயிருப்பார்கள்.

காலத்தையும் பார்த்துவிடலாம். ஐரிஷ் பேராயர் அஷர் பைபிளை வைத்து 17ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்குப்படி வெள்ளம் வந்தது கி.மு. 2348இல். அதே காலத்தில் ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் செழித்திருந்தன, கி.மு. 2600 முதல் 1900 வரை அந்த நகர வாழ்க்கை நடுவில் அறுபடவில்லை. கிரீன்லாந்துப் பனியில் வருடத்துக்கு ஓர் அடுக்காக அறுபதாயிரம் வருடம் வரை எண்ணியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் மரவளையங்களைக் கோத்துக் கோத்துப் பன்னிரண்டாயிரம் வருடம் பின்னால் போயிருக்கிறார்கள். உலகமே முழுகியிருந்தால் அந்தப் பனி மிதந்து உடைந்திருக்கும், மரங்கள் அழுகியிருக்கும். வருடத்தைத் தள்ளிப் போட்டாலும் இந்தச் சிக்கல் கூடவே வருகிறது.

நிலவியலாளர்கள் மதத்தை மட்டம் தட்டத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. உலகளாவிய வெள்ளக் கொள்கையைக் கைவிட்டவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பாதிரியார்கள். இங்கிலாந்தில் வில்லியம் பக்லண்ட் 1823இல் குகை எலும்புகளை வைத்து வெள்ளத்துக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். பிறகு அவரே அந்தக் கருத்திலிருந்து விலகினார். ஆடம் செட்ஜ்விக் 1831இல் லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவராக நின்று, தான் முன்பு நம்பியது தவறு என்று பகிரங்கமாகவே சொன்னார். இரண்டு பேரும் திருச்சபை ஊழியர்கள். அவர்கள் வெள்ளத்தின் சுவடு என்று நினைத்த கற்குவியல்களில் பெரும்பங்கு பனியாறுகள் இழுத்துவந்து போட்டவை என்று பின்னால் தெரிந்தது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், எங்கள் ஆட்கள் சறுக்கியதும் உண்டு. அமெரிக்காவில் பிரெட்ஸ் என்பவர், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியை ஒரு ராட்சத வெள்ளம் வழித்துக்கொண்டு போயிருக்கிறது என்று 1923இல் எழுதினார். “திரும்பவும் நோவா கதையா?” என்கிற எரிச்சலும் சேர்ந்து பல பத்தாண்டுகள் அவரை ஓரங்கட்டினார்கள். பனிக்காலத்தில் மிசூலா என்ற ஏரியின் பனிஅணை உடைந்து, உடைந்து, பாய்ந்த வெள்ளங்கள் அவை என்பது கடைசியில் உறுதியானது. 1979இல், தொண்ணூறு தாண்டிய வயதில், அவருக்கு நிலவியலின் உயரிய விருதுகளில் ஒன்றான பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள். வெள்ளத்தின் சுவடு இருந்தால் அது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2004 சுனாமிகூட நாகப்பட்டினம் கரையில், உள்ளே போகப் போக மெலியும் ஒரு மணல் படலத்தை விட்டுப் போயிருக்கிறது. சில நிமிட அலைக்கே அடையாளம் மிஞ்சுகிறது.

அப்படியானால் இத்தனை மதங்களில் இந்தக் கதை எப்படி வந்தது? இங்கிருந்து என் காலடி கொஞ்சம் தளர்கிறது. உறுதியான பகுதி இது: 1872இல் ஜார்ஜ் ஸ்மித், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த மெசபடோமியக் களிமண் பலகையில் நோவா கதைக்கு மிக நெருக்கமான வெள்ளக் கதையைப் படித்துச் சொன்னார். மெசபடோமியாவின், அதாவது இன்றைய ஈராக்கின், ஆற்றுச் சமவெளியில் வெள்ளங்களின் படிவும் கிடைக்கிறது. 1929இல் ஊர் என்ற நகரத்தைத் தோண்டிய வூல்லி மூன்று மீட்டர் கனத்துக்கு வண்டலைக் கண்டு அதுவே நோவாவின் வெள்ளம் என்றார். ஷுருப்பக் என்ற நகரிலும் வண்டல் கிடைத்தது. ஆனால் காலம் பல நூறு வருடம் வித்தியாசப்பட்டது. ஆக, பல வெள்ளங்கள். அந்த நினைவுகளிலிருந்து கதை முளைத்திருக்கும் என்பது நல்ல ஊகம், அதற்கு மேல் நான் போகமாட்டேன். கருங்கடலுக்குள் மத்தியதரைக்கடல் உடைத்துப் பாய்ந்ததே அந்தக் கதைக்கு வித்து என்று 1997இல் ரயானும் பிட்மனும் சொன்னது இன்னும் சச்சரவில்தான் இருக்கிறது.

நம் கடல்கோளையும் இதே தராசில்தான் நிறுத்த வேண்டும். பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சுமார் இருபதாயிரம் வருடத்துக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை தரையாக இருந்தது, குமரிமுனைக்குத் தெற்கேயும் நிலம் கொஞ்சம் நீண்டிருந்தது. கடல் ஏறி ஏறி ஏழாயிரம் வருடத்துக்கு முன் ஓரளவு அடங்கியது. இது உறுதி. அந்த நினைவுதான் வாய்வழியாக வந்து பாட்டில் ஏறியதா என்பது ஊகம். இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டமே முழுகியது என்பது மட்டும் கிடையாது. கடலடிப் பாறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் எனக்கு நோவா பக்கத்தைவிட அதிகமாக வசவு விழும், தெரியும்.

என் பாட்டிக்கு மேட்டூர்ப் பக்கம் காவிரிக்கரைக் கிராமம். அணை கட்டுவதற்கு முன்னால், 1924 பெருவெள்ளத்தின்போது சின்னப் பெண். “உலகமே தண்ணிக்குள்ள போயிருச்சு” என்றுதான் கடைசிவரை சொல்வாள். பொய் சொல்லவில்லை, அவள் அறிந்த உலகம் அவ்வளவுதான், அது முழுகத்தான் முழுகியது. எங்கள் பக்கத்தில் பூமி என்றாலே காடுதோட்டம்; “ரெண்டு ஏக்கரா பூமி வாங்கினான்” என்போம். தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் ‘தமிழ்கூறும் நல்லுலகம்’ வடவேங்கடத்துக்கும் தென்குமரிக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. எபிரேய மூலத்தில் பூமியைக் குறிக்கும் சொல்லுக்கும் நாடு, நிலம் என்ற பொருள் உண்டு. நூஹ் நபியின் வெள்ளம் அவருடைய சமூகத்துக்கு மட்டுமே வந்தது என்று கொள்ளும் இஸ்லாமிய அறிஞர்களும் இருக்கிறார்கள். வேதநூலை எப்படி வாசிப்பது என்பது என் துறை இல்லை. கடவுள் அற்புதமாக வெள்ளத்தை வரவைத்து, அற்புதமாகவே சுவடு முழுவதையும் துடைத்துவிட்டார் என்று ஒருவர் நம்பினால், சுத்தியலை வைத்துக்கொண்டு நான் அவரிடம் வாதாட முடியாது. பாறை அதைச் சாட்சி சொல்கிறது என்று அவர் சொல்லும்போதுதான் நான் குறுக்கே வருவேன்.

உங்கள் நண்பரோடு சண்டை வேண்டாம். சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் வெள்ளக்கல் துண்டு ஒன்றையும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்றையும் எடுத்து வாருங்கள். சமையலுக்கு வாங்கும் வினிகரை இரண்டின் மேலும் சில சொட்டு விடுங்கள். அரியலூர்க் கல்லில் பொடிப்பொடியாக நுரை கிளம்பும், காதருகில் வைத்தால் சத்தம்கூடக் கேட்கும். வெள்ளக்கல் சும்மா நனைந்து நிற்கும். கல்லைப் பொடித்துவிடாதீர்கள், முழுத்துண்டாகவே இருக்கட்டும். கழிவறை ஆசிட்டில் செய்து பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். எனக்கு இடது கையில் ஒரு தழும்பு இருக்கிறது.